ஓடும் ரயிலில் ஒரு கைப்பிடிச் சோறு

நாள் கணக்கில் நீளும் ரயில் பயணங்களில் முதலில் தடம் புரள்வது பயணியின் வயிறுதான். கொஞ்சம் பழைய பழக்கமும் கொஞ்சம் புதிய விழிப்பும் இருந்தால் அதைக் காப்பாற்றிவிடலாம்.

முன்னிரவில் சென்னை சென்ட்ரலை விட்டுக் கிளம்பிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மறுநாள் முற்பகலில் மகாராஷ்டிர எல்லையிலுள்ள பல்லார்ஷாவை எட்டும்போது, இரண்டாம் வகுப்புப் பெட்டியில் சாப்பாட்டு வாசனைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும். மேல் பெர்த்தில் பொரித்த வடை, பக்கவாட்டு இருக்கையில் பிரெட் ஆம்லெட், கீழே யாரோ பிரித்து வைத்த புளியோதரைப் பொட்டலம். நடைபாதையில் அரை மணிக்கு ஒருமுறை டீ, சமோசா, மசாலாக் கடலை, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய வெள்ளரித் துண்டு. டெல்லிக்கு இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் இருக்கிறது. அதற்குள் பலருக்கு நெஞ்சைக் கரிக்கத் தொடங்கிவிடும். சிலர் கழிப்பறை வாசலில் நிற்பார்கள்.

ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர், சுமார் 33 மணி நேரம் என்பது இந்திய ரயில் கணக்கில் பெரிய பயணமே அல்ல. கன்னியாகுமரிக்கும் அசாமின் திப்ருகருக்கும் இடையே ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பயணி மூன்று இரவுகளை அதிலேயே கழிக்க வேண்டும். அவ்வளவு நேரத்தில் எட்டு, ஒன்பது வேளை சாப்பிட்டாக வேண்டும். வீட்டில் ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை ரசம் சாதத்தில் சரிக்கட்டலாம். ரயிலில் அந்த வசதி இல்லை.

பயணிகள் எல்லோரும் ஊர் சுற்றக் கிளம்பியவர்களும் அல்ல. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பிகார், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்காக வேலூருக்கு வரும் நோயாளிகள் ஒரு நாளுக்கும் மேலாக ரயிலில் உட்கார்ந்து வருகிறார்கள். டெல்லியில் படிக்கும் தமிழ் மாணவர்கள், ராணுவத்திலிருந்து விடுமுறையில் ஊர் திரும்புவோர், திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடி வரும் வட மாநிலத் தொழிலாளர்கள், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் இடையே அலையும் முதியவர்கள் என்று எல்லோரும் அதே தட்டில்தான் சாப்பிடுகிறார்கள். அந்தத் தட்டில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 நவம்பரில் பார்த்தோம். சென்னையிலிருந்து குஜராத்தின் பாலிதானாவுக்குப் புறப்பட்ட பாரத் கௌரவ் சுற்றுலா ரயிலில் சுமார் 80 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, புனே நிலையத்தில் டாக்டர்கள் பெட்டிக்கே வந்து சிகிச்சை அளிக்க வேண்டியிருந்தது. அந்த ரயிலைத் தனியார் ஏற்பாடு செய்திருந்தனர். உணவும் அவர்கள் ஏற்பாடுதான் என்று ரயில்வே விளக்கம் அளித்தது. 2017 அக்டோபரில் கோவா-மும்பை தேஜஸ் எக்ஸ்பிரஸில் காலை உணவு சாப்பிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது ரயில் சிப்ளூணில் நிறுத்தப்பட்டது. சமைத்தவர் யாராக இருந்தாலும் அவதிப்படுவது பயணிதான்.

தட்டுக்கு வரும் வழி

இதே 2017-ம் ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை ரயில் உணவின் மானத்தை வாங்கியது. 74 நிலையங்களிலும் 80 ரயில்களிலும் கூட்டாகச் சோதனை நடத்திய தணிக்கையாளர்கள் கண்டவை: பானங்களில் சுத்திகரிக்காத குழாய்த் தண்ணீர், மூடாத குப்பைத் தொட்டிகள், ஈக்களுக்கும் தூசிக்கும் திறந்து வைக்கப்பட்ட உணவு, ரயில்களில் எலி, கரப்பான்பூச்சி. சில பண்டங்கள் சாப்பிடவே லாயக்கற்றவை. சில மீந்து போனவற்றை மறுபடி பக்குவம் செய்தவை. சில பொட்டலங்கள் கெடுதேதி தாண்டியவை. பில் தரப்படவில்லை. குறிப்பிட்ட எடையும் இல்லை.

அதே ஆண்டு வந்த புதிய உணவுக் கொள்கை, சமைக்கும் வேலையையும் பரிமாறும் வேலையையும் பிரித்தது. சமையல் பெரும்பாலும் ஐ.ஆர்.சி.டி.சி.யின் அடிப்படைச் சமையற்கூடங்களுக்கு மாறியது. இன்று பல சமையற்கூடங்களில் கண்காணிப்பு காமிராக்கள் இருக்கின்றன. எந்தக் கூடத்தில், எந்தத் தேதியில் பொட்டலம் கட்டப்பட்டது என்பதைக் காட்டும் கியூ.ஆர். குறியீடும் உணவுப் பெட்டிகள் மீது வந்திருக்கிறது. பாண்ட்ரி காரின் புகைக்கும் கரிக்கும் நடுவே சமைத்த நாட்களைவிட இது முன்னேற்றம்தான்.

ஆனால் இதனால் ஒரு புதிய சிக்கலும் உண்டு. அது நேரம். கூடத்தில் சமைத்த சோறு டப்பாவில் அடைக்கப்பட்டு, வண்டியில் ஏறி, நிலையத்துக்கு வந்து, ரயிலுக்காகக் காத்திருந்து, பெட்டி பெட்டியாக வினியோகமாகிப் பயணியின் மடிக்கு வருகிறது. ரயில் தாமதமானால் சோறும் சேர்ந்தே தாமதமாகிறது. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலைதான் கிருமிகளுக்கு உகந்தது. சமைத்த உணவு அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நாக்பூரின் மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம்கூட அதிகம்.

சோற்றில் குறிப்பாக ஒரு வில்லன் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் விதைகள் அரிசியிலேயே இருக்கின்றன. கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. அந்தச் சோற்றை மறுபடி எவ்வளவு சுட வைத்தாலும் நஞ்சு அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். ஆகவே, 'சூடாக இருக்கிறதே' என்பது மட்டும் உத்தரவாதமாகாது. எப்போது சமைத்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டிக் கொடுத்த சோறு

சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு என்று கேட்கிறது பழமொழி. சொல்லின் ஆயுளைச் சொல்வது கடினம். சோற்றின் ஆயுளைச் சொல்லிவிடலாம். அதை நீட்டிக்கும் வித்தை இந்தியாவின் ஒவ்வொரு மூலையிலும் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து சென்று களைத்த அப்பருக்குச் சிவபெருமானே பொதிசோறு கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. வழிநடைச் சோறு அவ்வளவு பழைய சங்கதி.

வித்தையின் சூத்திரம் எளியது. உணவிலுள்ள தண்ணீரைக் குறை. புளிப்பைக் கூட்டு. எண்ணெயால் மூடு. கிருமி வளர ஈரம் வேண்டும். புளிப்பு அதற்குப் பிடிக்காது. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை சுண்டக் காய்ச்சுவது ருசிக்காக மட்டுமல்ல. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியும் அப்படித்தான். மாவு ஏற்கெனவே புளித்தது, மேலே எண்ணெய்ப் பூச்சு, தொட்டுக்கொள்ளச் சட்னி தேவையில்லை. பயணத்துக்குப் பிசையும் தயிர்சாதத்தில் பாலை நிறைய விட்டு ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்ப்பார்கள். சாப்பிடும் நேரத்துக்குள் அது அளவாகப் புளித்திருக்கும்.

குஜராத்திகளின் தேப்லா, தயிரும் வெந்தயக் கீரையும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த ரொட்டி. சில நாட்கள் தாங்கும். அவர்களே செய்யும் காக்ரா, ஈரம் துளியும் இல்லாமல் வாட்டியது, வாரக்கணக்கில் தாங்கும். மகாராஷ்டிரத்தில் தண்ணீருக்குப் பதில் பால் விட்டுப் பிசைந்த தஷ்மியோடு காய்ந்த கடலைச் சட்னி. பிகாரில் வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த சத்து மாவு. தண்ணீரில் கரைத்து எலுமிச்சையும் உப்பும் சேர்த்தால் ஒரு வேளை உணவு. நூறு கிராமில் சுமார் 20 கிராம் புரதம் கொண்ட இந்த மாவுக்குச் சமையலும் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். வங்காளிகளுக்கும் ஒடியா மக்களுக்கும் பொரி. கேரளத்தில் தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு.

இவற்றை வைத்து ஒரு கால அட்டவணையே போட்டுவிடலாம். கிளம்பிய முதல் வேளைக்குத் தயிர்சாதம். வெயில் காலத்தில் அதை அடுத்த வேளைக்கு வைக்கக்கூடாது. முதல் நாள் முழுவதற்கும் பொடி தடவிய இட்லியும் புளியோதரையும். இரண்டாம் நாளுக்குத் தேப்லா அல்லது நன்றாக எண்ணெய் விட்டுச் சுட்ட சப்பாத்தி, ஊறுகாய். மூன்றாம் நாளுக்கு அவல், பொரி, வறுத்த கடலை, சத்து மாவு, கடலை மிட்டாய். புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் தரமான பயண உணவு. பிஸ்கட்டைவிட அதில் புரதம் அதிகம், கெட்டும் போகாது.

கட்டும்போது செய்யும் சில தவறுகள்தான் பாழாக்குகின்றன. சூட்டோடு டப்பாவை மூடினால் ஆவி நீராகிச் சோற்றின் மீதே விழும். அங்கிருந்துதான் ஊசத் தொடங்கும். தட்டில் பரப்பி ஆறவிட்டு, வேளைக்கு ஒரு சிறு டப்பாவாகக் கட்டுவது நல்லது. ஒரே பெரிய டப்பாவில் நான்கு வேளையும் நான்கு கைகள் நுழைவது ஆபத்து. தேங்காய்ச் சட்னி, வெங்காயம் சேர்த்த பண்டம், மசித்த உருளைக்கிழங்கு, பால் கோவா ஆகியவற்றை முதல் வேளைக்குப் பிறகு நம்பக்கூடாது. கையிலுள்ள கிருமிகள் பால் இனிப்புகளில் சுரக்கும் நஞ்சும் சூட்டுக்கு அசையாத ரகம். எனவே சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பயணத்தில்தான் முக்கியமாகக் கடைப்பிடிக்க வேண்டும். சோப்பையும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது உத்தமம்.

தட்டில் இல்லாதது

மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் 80 ரூபாய்க்குத் தரப்படும் சைவச் சாப்பாட்டில் சோறு 150 கிராம், பருப்பு அல்லது சாம்பார் 150 கிராம், பராத்தா அல்லது சப்பாத்தி 100 கிராம், தயிர் 80 கிராம், காய்கறி 100 கிராம், ஒரு பொட்டலம் ஊறுகாய் என்பது ரயில்வேயின் கணக்கு. பசி தீரும். ஆனால் ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் தேவை. ரயில் சாப்பாட்டை இரண்டு வேளை சாப்பிட்டாலும் காய்கறி பாதி அளவைத்தான் எட்டும். பழம் அறவே இல்லை. இடையில் கொறிக்கும் வடையும் சமோசாவும் சிப்ஸும் இந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. உப்பைத்தான் ஏற்றுகின்றன. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இரண்டு பாக்கெட் மிக்சரும் ஊறுகாயும் உள்ளே போன நாளில் அந்த வரம்பு நினைவில் நிற்பதில்லை.

நாரும் தண்ணீரும் குறைந்து, உட்கார்ந்தே இருக்கும் உடம்பில் மலச்சிக்கல் வருவது இயல்பு. மருந்து எளிது: தோலுரித்துச் சாப்பிடும் பழம். வாழைப்பழமும் நாக்பூர் வழியே போகிறவர்களுக்குப் பருவத்தில் ஆரஞ்சும் இருக்கின்றன. வீட்டிலிருந்து கழுவித் துடைத்த கேரட், முழு வெள்ளரி, கொய்யா. நடைபாதையில் வரும் நறுக்கிய வெள்ளரி பார்க்கக் குளுமைதான். ஆனால் அதை நறுக்கிய கத்தி எது, மேலே தெளித்த தண்ணீர் எது என்பதைக் கண்டவர் இல்லை.

தேநீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கப்பில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், பொழுது போகாமல் குடிக்கும் ஐந்து கப்பில் 50 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு அதற்குமேல் கூடாது என்பதும், பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்பதும் மருத்துவ உலகின் அறிவுரை.

தாகத்தை அடக்குபவர்கள்

ரயிலில் பலர், குறிப்பாகப் பெண்கள், தண்ணீரே குடிப்பதில்லை. காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை: கழிப்பறை. அதன் வாசலில் நிற்கும் கூட்டமும் ஈரத் தரையும் இரவில் தனியாகப் போகும் பயமும் சேர்ந்து, தாகத்தை அடக்குவதே மேல் என்று தோன்ற வைக்கின்றன. விளைவு தலைவலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு; ஊர் போய்ச் சேர்ந்த பிறகு சிறுநீர்ப் பாதைத் தொற்று. சுத்தமான கழிப்பறை பயணியின் உணவுப் பிரச்னையும்கூட என்பதை ரயில்வே உணர வேண்டும். பயணி செய்யக்கூடியது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடிப்பதும், அவசரம் வரும்வரை காத்திராமல் கூட்டம் இல்லாத நேரத்தில் எழுந்து போவதும்தான். எழுந்து நடப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ரயிலோ பஸ்ஸோ விமானமோ, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்புகளில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் தெரிவித்தது.

தண்ணீர் வாங்கும்போது மூடியின் சீல் உடைபடும் சத்தம் கேட்க வேண்டும். ரயில்வேயின் சொந்தத் தயாரிப்பான 'ரயில் நீர்' லிட்டர் 15 ரூபாயாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். குடித்து முடித்த பாட்டிலைக் கசக்கிப் போடுவது, அது மீண்டும் குழாய்த் தண்ணீரோடு இன்னொருவர் கைக்குப் போகாமல் தடுக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள்

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. எந்தப் பெட்டியை எடுத்தாலும் அவர்களில் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குப் பயணத்தில் ஆபத்து அதிகம் சாப்பிடுவதால் மட்டும் வருவதல்ல; நேரத்துக்குச் சாப்பாடு வராததாலும் வருகிறது. மதியம் ஒரு மணிக்கு வர வேண்டிய சாப்பாட்டை நம்பி மாத்திரையை விழுங்கி, அல்லது இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, ரயில் நடுக்காட்டில் நின்றுவிட்டால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மயக்கம் என்று போகும்.

சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டிய மருந்தைச் சாப்பாடு கைக்கு வந்த பிறகு எடுப்பது என்பதைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை இறங்கும் அறிகுறி தெரிந்தால் உடனே 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை. அந்தப் பொட்டலம் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் பூட்டிய பெட்டியில் அல்ல. இன்சுலினை ஜன்னல் ஓர வெயிலில் வைக்கக்கூடாது. நீரிழிவு உணவு, குழந்தை உணவு, சிறுதானியப் பண்டங்கள் ஆகியவற்றை உணவுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள ஐ.ஆர்.சி.டி.சி.க்கு ரயில்வே வாரியம் 2022 நவம்பரில் அனுமதி தந்தது. எல்லா ரயிலிலும் அது கிடைத்துவிடும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. கட்டுச்சோறே கைகொடுக்கும்.

வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கு

எல்லோருக்கும் கட்டிக் கொடுக்க ஆள் இல்லை. சமைக்க அடுப்பும் இல்லை. வாங்கித்தான் சாப்பிட வேண்டுமென்றால், கண்ணெதிரே சூடாகத் தயாராவதை வாங்குவது முதல் விதி. நிலையத்தில் ஆவி பறக்க எடுக்கும் இட்லி, கண் முன் உடைத்து வேகும் முட்டை, கொதிக்கும் டீ ஆகியவை எப்போதோ சமைத்து அடுக்கிய பிரியாணியைவிடப் பாதுகாப்பானவை. பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து வழியிலுள்ள நிலையத்தின் உணவகத்திலிருந்து வரவழைக்கும் வசதி 2014-ல் தொடங்கியது. 1323 என்ற எண்ணிலும் சொல்லலாம். ரயில் தாமதமென்றால் அந்த உணவும் பிளாட்பாரத்தில் காத்துக் கிடக்கும் என்பதை மறக்கக்கூடாது. டப்பாவைத் திறந்ததும் மூக்கு சந்தேகப்பட்டால் நாக்கால் பரிசோதிக்க வேண்டாம்.

பில் கேட்பது உரிமை. பில் தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்று ரயில்வேயே அறிவித்திருக்கிறது. பில் கையில் இருந்தால்தான் புகாருக்கு வலு. புகாருக்கு எண் 139. ரயில் மதத் செயலியிலும் பதியலாம். டப்பாவின் மேலுள்ள குறியீட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சமையற்கூடத்தின் பெயர் அதில்தான் இருக்கிறது.

வயிறு கெட்டால்

வயிற்றுப்போக்கு கண்டால் முதல் எதிரி கிருமியல்ல, உடம்பு இழக்கும் நீரும் உப்பும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, கல்கத்தா டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டு விற்பனையானதை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. காரணம், அதிகச் சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, சோர்ந்து கிடக்கும் குழந்தை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் 139-ஐ அழைத்து அடுத்த நிலையத்தில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இந்த அறிவுரைகள் எல்லாம் ஓரளவு இடமும் காசும் உள்ளவர்களுக்கே எளிது. முன்பதிவு இல்லாத பெட்டியில் ஒற்றைக் காலில் நிற்பவர் பிளாட்பாரத்தில் இறங்கிச் சாப்பாடு தேடினால், ஏறி நின்ற இடம் போய்விடும். 2023 ஜூலையில் ரயில்வே ஒரு நல்ல காரியம் செய்தது. பொதுப் பெட்டிகள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே பிளாட்பாரக் கடைகளைப் போட்டு, 20 ரூபாய்க்கு ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய். 50 ரூபாய்க்குச் சாத வகைகள் தரத் தொடங்கியது. ரயிலில் பாதுகாப்பாகச் சாப்பிட முடிகிறதா என்பதை ராஜதானியின் தட்டை வைத்து அளக்கக்கூடாது. மூன்று நாள் நின்றுகொண்டே போகும் தொழிலாளியின் கையில் இருக்கும் அந்த 20 ரூபாய்ப் பொட்டலம் சூடாக, சுத்தமாக, குறிப்பிட்ட எடையில் இருக்கிறதா என்பதே அளவுகோல்.